ஏழையின் படுக்கையருகே
புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வும் தொண்டும்

நம் பிள்ளைகளின் பாடநூல்களில் ஒரு படம் தவறாமல் இடம்பெறும். இருண்ட மருத்துவக் கூடத்தில் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் போர்வீரர்களுக்கு நடுவே, கையில் சிறு விளக்கை ஏந்தியவாறு ஒரு பெண்மணி நடந்து செல்வார். விளக்கேந்திய சீமாட்டி என்று உலகம் போற்றும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அவர். அப்படம் பொய்யன்று. எனினும் அது காட்டுவது, தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருடைய வாழ்வில் இரண்டாண்டுகளுக்கும் குறைவான ஒரு சிறு பகுதியையே. எஞ்சிய காலத்தில் அவர் ஆற்றிய அரும்பணியைப் பலரும் அறியார்.

செல்வர்க்கு ஒரு மருத்துவம், வறியவர்க்கு ஒரு மருத்துவம் என்னும் வேற்றுமை தகாது என்பதை வெறும் இரக்கத்தினால் அன்றி, மறுக்கவொண்ணாத கணக்கினால் நிலைநாட்டியவர் அவர். அந்தப் பணியின் வரலாற்றை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

வில்லியம் நைட்டிங்கேல், பிரான்செஸ் என்னும் ஆங்கிலத் தம்பதியர் இத்தாலி நாட்டில் பயணம் மேற்கொண்டிருந்தபோது, 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பெற்றது. பார்த்தினோப் என்னும் தமக்கை ஒருவர் அவருக்கு உண்டு. இங்கிலாந்தில் டெர்பிஷயர், ஹாம்ப்ஷயர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பெரும் மாளிகைகளை உடைய செல்வக் குடும்பம் அது. கல்வியில் நாட்டமுடைய தந்தையார், பெண்மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் முதலியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவருக்குக் கணிதத்தின்மீது தனியாத காதல் இருந்தது. அக்காதலே பிற்காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கும் கருவியாயிற்று.

மாளிகையைச் சூழ்ந்திருந்த சிற்றூர்க் குடிசைகளில் நோயுற்றோரைக் காணச் செல்வது அவ்விளம்பெண்ணின் வழக்கம். ஒரே ஊரில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் மக்களுள் சிலர் எளிதில் நலமடைவதையும், சிலர் அதே நோயால் மாண்டு போவதையும் அவர் கண்டார். 1837ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உள்ளத்தில் உணர்ந்தார். ஆயினும் அத்தொண்டு யாதென்று தெளிவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

1845ஆம் ஆண்டு, சாலிஸ்பரி நகர மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற விரும்புவதாக அவர் கூறியபோது வீடே கலங்கிற்று. அக்காலத்தில் செல்வர்கள் மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் இல்லை. மருத்துவர் அவர்தம் இல்லம் தேடி வருவார். மருத்துவமனை என்பது போக்கிடமற்ற ஏழையர்க்கு உரியது. அங்கே பணிபுரிந்த பெண்களுக்குப் பயிற்சியும் இல்லை, நற்பெயரும் இல்லை. உயர்குடியில் பிறந்த பெண் அங்கே காலடி வைப்பதைப் பெற்றோர் எவ்வாறு பொறுப்பர்? அன்னையார் அழுதார், தமக்கையார் நோயில் வீழ்ந்தார். அம்மையாரோ மனந்தளராமல், விடியற்காலையில் எழுந்து மருத்துவமனை அறிக்கைகளையும் சுகாதாரக் கணக்குகளையும் தாமே படித்து வந்தார். தம்மை மணக்க விரும்பிய நற்பண்பாளர் ஒருவரையும் 1849இல் மறுத்துவிட்டார்.

இறுதியில் 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரின் தொண்டு நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். தந்தையார் மனமிரங்கி ஆண்டுக்கு 500 பவுன் அளித்து உதவினார். அப்போது அம்மையாருக்கு வயது முப்பத்து மூன்று.

ஸ்கூட்டாரியில் கற்ற பாடம்

1854இல் ருஷியாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கருங்கடலைக் கடந்து, துருக்கியின் தலைநகருக்கு எதிர்க்கரையிலிருந்த ஸ்கூட்டாரிப் படைமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அவர்கள் படும் அல்லலைச் செய்தித்தாள்கள் வெளியிடவே, நாடு கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலரான சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரை அங்கே செல்லுமாறு வேண்டினார். முப்பத்தெட்டுப் பெண்களுடன் புறப்பட்டு, 1854ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவர் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

அங்கே படுக்க விரிப்பில்லை; மாற்று உடையில்லை; சோப்பில்லை; நோயாளி உண்ணத்தக்க உணவில்லை. அம்மையார் சமையலறை அமைத்தார். வெந்நீர்க் கொப்பரைகளுடன் சலவைக் கூடம் ஏற்படுத்தி, போர்வீரர்தம் மனைவியரை அதில் பணியமர்த்தினார். சாதாரண வீரன் குடிகாரன், அவனுக்கு அருமை தெரியாது என்று அதிகாரிகள் இகழ்ந்துகொண்டிருக்க, அவர் அவ்வீரர்களுக்குப் படிப்பறைகள் திறந்தார். அவர்தம் ஊதியத்தை வீட்டிற்கு அனுப்ப வழிசெய்தார். இரவில் கடைசி மனிதனையும் பார்த்த பின்னரே உறங்கச் சென்றார்.

இவ்வளவு செய்தும் அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனைக்கு வந்த நூறு பேரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போர்க்காயத்தால் மாண்டவரினும் வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, நச்சுக் காய்ச்சல் ஆகியவற்றால் மாண்டவரே மிகப் பலர். மார்ச் மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைக் கழுவினர், குடிநீர் வழியைத் தூய்மை செய்தனர், காற்றோட்டத்திற்கு வழிவகுத்தனர். சில மாதங்களிலேயே சாவு நூற்றுக்கு இரண்டு என்னும் அளவிற்குத் தாழ்ந்தது.

1856இல் தாயகம் திரும்பிய அம்மையாரை வரவேற்க நாடே காத்திருந்தது. அவரோ பாராட்டுகளுக்கு அஞ்சி, வேறு பெயரில் பயணம் செய்து, ஒருவரும் அறியாமல் வீடு வந்து சேர்ந்தார். பின்னர்ப் புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். பட்டினியும் களைப்பும் காலங்கடந்து கொண்டுவரப்பட்டதுமே வீரர்களைக் கொன்றன என்று அதுவரை அவர் பெரிதும் எண்ணியிருந்தார். கணக்கோ வேறொன்றைச் சொல்லிற்று. போர்முனைக்கு அருகே எளிய கூடாரங்களில் கிடந்தவரைவிட, தம் பொறுப்பிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு வந்தவரே மிகுதியாக மாண்டிருந்தனர். அன்பும் பணிவிடையும் குறைவின்றிக் கிடைத்தும், நெரிசலும் சாக்கடையும் அவர்களைக் கொன்றன.

தம்மை உலகமே வணங்கிக்கொண்டிருந்த வேளையில், தம் கண்முன்னே நிகழ்ந்ததைத் தாமே சரியாக அறியவில்லை என்பதை உணர்வது எளிதன்று. அதை ஒப்புக்கொண்டு, அச்சில் ஏற்றி, ஆட்சியாளர்முன் வைப்பது அதனினும் அரிது. அம்மையார் அதனைச் செய்தார். அவருடைய பெருமை விளக்கேந்தியதில் இருப்பதைவிட இதிலேயே மிகுதியாக இருக்கிறது எனலாம்.

எண்களே சாட்சி

அரசியாரைக் கண்டு பேசி, படையினர் உடல்நலத்தை ஆராய 1857இல் அரசாணைக் குழு அமையச் செய்தார். அமைதிக் காலத்திலும், தாய்நாட்டுப் படைமனைகளில் வாழும் இளம் வீரர்கள், அதே வயதுடைய பொதுமக்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு விகிதத்தில் இறந்து வருவதை அவர் எடுத்துக்காட்டினார். திடகாத்திரமானவரையே தேர்ந்தெடுத்துப் படையில் சேர்க்கிறோம். பின் அவர்களைக் காற்றில்லாத அறைகளில் அடைத்துச் சாகவிடுகிறோம் என்பது அவர் வாதம். நீண்ட பட்டியல்களை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்று அறிந்து, வட்டத்தைப் பன்னிரு மாதங்களாகப் பகுத்து, தடுக்கக்கூடிய நோயால் நேர்ந்த சாவை நீல நிறத்திலும், காயத்தால் நேர்ந்ததைச் செந்நிறத்திலும், பிறவற்றைக் கருநிறத்திலும் தீட்டிக் காட்டினார். நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நின்றது. எழுத்தறியாதவனுக்கும் அப்படம் விளங்கும்.

1861ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயுற்றோர் எண்ணிக்கையையும் வீடுகளின் நிலையையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். எவ்வகை வீட்டில் எவ்வகை நோய் என்று தெரிந்தால்தான் வறுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிப்படும் என்பது அவர் கருத்து. நாடாளுமன்றம் அதனை ஏற்கவில்லை. எண்ணப்படாதவர் துன்பம் எவர் கண்ணிலும் படுவதில்லை என்னும் உண்மையை அவர் அன்றே கண்டிருந்தார்.

மக்கள் அவர் பெயரால் திரட்டிய நிதி 44,000 பவுனைக் கடந்தது. அதனைக் கொண்டு 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பயிலும் பெண்களுக்கு உணவும் உறையுளும் அளித்து, ஆண்டுக்கு 10 பவுனும் வழங்கினர். ஆகவே வசதியற்ற குடும்பத்துப் பெண்ணும் அதில் சேர இயன்றது.

ஏழையர் விடுதியில் ஒளி

அக்கால இங்கிலாந்தில், வாழ வழியற்றோர் ஏழையர் பணிவிடுதி எனப்பட்ட இடங்களில் தஞ்சம் புகுவர். ஒருவரும் விரும்பி வரக்கூடாது என்பதற்காகவே அங்கே வாழ்க்கை கடுமையாக்கப்பட்டிருந்தது. சோம்பேறியை அஞ்சச் செய்ய வகுத்த அவ்விதி, நோயுற்ற முதியவரையும், பேறுகால மகளிரையும், குழந்தைகளையும் ஒருசேர வதைத்தது. நோயாளிகளைப் பேண அங்கே பயிற்சி பெற்றவர் ஒருவரும் இலர்; விடுதியில் தங்கியிருந்த பிற ஏழைப் பெண்களே அப்பணியைச் செய்தனர்.

லிவர்பூல் நகர வணிகர் வில்லியம் ராத்போன் என்னும் கொடையாளர், அந்நகர விடுதியில் பயிற்சி பெற்ற செவிலியரை அமர்த்தும் செலவைத் தாம் ஏற்பதாகக் கூறி அம்மையாரின் உதவியை நாடினார். 1865இல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் இளமங்கையும் பன்னிரு செவிலியரும் அங்கே சென்றனர். ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகள் நிறைந்த அவ்விடத்தை ஆக்னஸ் படிப்படியாகச் சீர்ப்படுத்தினார். மூன்றாண்டுகள் அயராது உழைத்த அவர், 1868 பிப்ரவரியில், நோயாளிகளிடமிருந்து தொற்றிய நச்சுக் காய்ச்சலால் முப்பத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். தம் மாணவியருள் தலைசிறந்தவராக அவரைக் கருதிய அம்மையார் பெரிதும் துயருற்றார். ஆனால் அவர் மூட்டிய ஒளி அணையவில்லை.

இலண்டனில் 1864 இறுதியில் விடுதியொன்றின் நோயறையில் கவனிப்பின்றி ஓர் ஏழைத் தொழிலாளி இறந்த செய்தி பரபரப்பை ஏற்படுத்திற்று. அத்தருணத்தை அம்மையார் நழுவவிடவில்லை. உடனே அமைச்சருக்கு எழுதினார். நோயுற்ற ஏழையை வறியவன் என்று பார்க்கலாகாது. நோயாளி என்றே பார்க்க வேண்டும் என்பது அவர் கோரிக்கையின் சாரம். நோயாளிகள், மனநலம் குன்றியோர், குழந்தைகள் ஆகியோரை விடுதியினின்றும் பிரித்துத் தனித்தனி இடங்களில் பேண வேண்டும். அவையனைத்தும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்க வேண்டும். செலவை நகரம் முழுவதும் பொதுவாக ஏற்க வேண்டும் என்று அவர் திட்டம் வகுத்துக் கொடுத்தார்.

இம்மூன்றனுள் இறுதியானதே உயிர்நாடி. அந்நாளில் ஒவ்வொரு வட்டாரமும் தன் ஏழையரைத் தன் வரிப்பணத்திலேயே காக்க வேண்டியிருந்தது. செல்வர் வாழும் வட்டாரத்தில் ஏழையர் சிலரே; வரியோ எளிதில் திரளும். ஏழையர் நெருங்கி வாழும் வட்டாரத்தில் நோய் மிகுதி. வரி கொடுப்போரோ சிலர். ஆக, எங்கே தேவை மிகுதியோ அங்கே பொருள் குறைவாக இருந்தது. 1867இல் நிறைவேறிய பெருநகர ஏழையர் சட்டம் இலண்டன் முழுமைக்கும் ஒரு பொது நிதியை ஏற்படுத்திற்று. தொற்றுநோயாளிகளுக்கும் மனநலம் குன்றியோருக்கும் தனி மருத்துவ நிலையங்கள் அமைக்க ஒரு வாரியத்தையும் நிறுவிற்று. அம்மையார் கேட்ட அனைத்தும் அதில் இல்லை; அவருக்கு முழு நிறைவும் இல்லை. எனினும், ஏழையின் நோயைத் தீர்ப்பது அரசின் கடமை என்னும் கொள்கைக்கு அது ஒரு தொடக்கமாயிற்று. 1948இல் அந்நாட்டில் எல்லார்க்கும் கட்டணமில்லா மருத்துவம் வந்தபோது, பழைய ஏழையர் விடுதி மருத்துவமனைகள் பலவும் அதில் ஒன்றாயின.

தம் தவற்றைத் தாமே ஆராயும் பண்பு அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது. அவருடைய நிதியின் உதவியால் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஏழைத் தாய்மார்க்கு ஒரு பேறுகால விடுதி நடைபெற்றது. அங்கே பிரசவக் காய்ச்சல் பரவவே, 1867இல் அது மூடப்பட்டது. அம்மையார் அத்துடன் விடாமல் பல ஊர்க் கணக்குகளைத் திரட்டினார். வசதியற்ற குடிசையில் பிள்ளை பெறும் பெண்ணைவிட, மருத்துவ விடுதியில் பிள்ளை பெறும் பெண்ணே மிகுதியாக இறக்கிறாள் என்னும் கசப்பான உண்மையை 1871இல் நூலாக வெளியிட்டார். தருமம் என்ற பெயரால் தரப்படுவது தீங்கு செய்யுமாயின் அது தருமமாகாது என்பதே அதன் பொருள்.

காணாத பாரதம்

அம்மையார் இந்தியாவைக் கண்டதே இல்லை. 1857 முதல் நோயுற்று, பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே வாழ்ந்தார். அங்கிருந்தவாறே நம் நாட்டுப் படைநிலையங்கள் ஒவ்வொன்றிற்கும் வினாப்பட்டியல் அனுப்பி, வந்த விடைகளை மலைபோல் குவித்து ஆராய்ந்தார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்து வந்ததை 1863இல் வெளியான அறிக்கை காட்டிற்று. குடிநீரும் வடிகாலும் சீரான பின்னர், 1873இல் அது ஆயிரத்துக்கு 18 என்று குறைந்திருந்ததை அவர் எழுதினார்.

படைவீரனைக் காப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, அவரை நம் சிற்றூர் மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஊரில் கொள்ளைநோய் இருக்கப் படைமனை மட்டும் நலமாயிராது என்று முதலில் கண்டார். பின்னர், அம்மக்களின் நலமே தனக்கெனக் கருதத்தக்க குறிக்கோள் என்று தெளிந்தார். 1866இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற நேப்பியர் பிரபு அவருக்கு முன்பே அறிமுகமானவர். சென்னை நேப்பியர் பாலத்திற்குப் பெயர் தந்தவர் இவரே. இவருடன் அம்மையார் கடிதத் தொடர்பு கொண்டு, சென்னை மாகாணத்தின் சுகாதாரத்தையும் பாசனத்தையும் பற்றி எழுதி வந்தார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய சர் ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனத் திட்டங்களை உறுதியாக ஆதரித்தார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அம்மையாரின் உள்ளத்தை உலுக்கிற்று. பல இலட்சம் மக்கள் மடிந்த அக்கொடுமைக்கு மழையின்மை மட்டுமே காரணமன்று; கடனும் நிலவரியும் உழவனை முன்பே எலும்பாக்கிவிட்டன என்று 1878இல் இங்கிலாந்து இதழொன்றில் எழுதினார். வயிறு நிறையாதவனிடம் சுகாதாரம் பேசுவதில் பயனில்லை என்று அவர் உணர்ந்திருந்தார். தம் எழுபதாம் வயதுக்குப் பின்னும், சிற்றூர் மக்கள் செலுத்தும் வரியில் முதற்பங்கு அவ்வூரின் குடிநீருக்கும் தூய்மைக்குமே செலவாக வேண்டும் என்று அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

குறைகளும் நிறைவும்

அம்மையார் குறையே இல்லாதவர் அல்லர். நோய்களுக்கு நுண்ணுயிரே காரணம் என்னும் உண்மையை அவர் மிகக் காலந்தாழ்த்தே ஏற்றார். செவிலியரைத் தேர்வின் வாயிலாகப் பதிவு செய்யும் முறையைக் கடுமையாக எதிர்த்தார். இந்திய மக்களின் இன்னலைத் தீர்க்க, அவ்வின்னலுக்குக் காரணமான ஆட்சியினரையே நெடுங்காலம் நம்பினார். இவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. கணக்கை மறைக்காமையே அவர் நமக்குக் காட்டிய நெறி.

1907இல் பிரிட்டிஷ் அரசின் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயரிய விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் இலண்டனில் மறைந்தார். பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் இடமளிக்க அரசு முன்வந்தது. எளிமையையே வேண்டிய அவருடைய விருப்பத்திற்கிணங்க உறவினர் அதனை மறுத்து, ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர்க் கோயிலின் வளாகத்தில், பெற்றோர் கல்லறைக்கருகே அடக்கம் செய்தனர். அவர் பிறந்த மே 12ஆம் நாள் இன்று அனைத்துலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்பர்களே! நம் இல்லத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நல்ல மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி இரண்டு நாள் வராவிடில், ஏன் வரவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். அவர் வாழும் தெருவில் குடிநீர் எப்படி இருக்கிறது, சாக்கடை எங்கே தேங்குகிறது, அவருடைய குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நாம் கேட்டதுண்டா? நம் ஊரில் இலவச மருத்துவ முகாம் நடத்தி முடித்த பின், வந்தவருள் எத்தனை பேர் நலமடைந்தனர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அடுத்த முறை முகாம் கூட்டும்போது ஒரு குறிப்பேட்டை உடன் வைத்துக்கொள்வோம். வந்தவர் பெயரையும் தெருவையும் நோயையும் அதில் எழுதி, மூன்று மாதம் கழித்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அம்மையாரின் விளக்கை நாம் ஏந்தத் தக்க இடம் அதுவேயாகும்.